சாமியும் நானும் பூநாரை பாக்கப் போனது

இத எழுதாமலே உட்டுடலாம்னுதான் இருந்தேன். திருப்பதி ஸ்டேஷன் எதிர்ல ஆட்டோவப் போட்டுக்கினு சவாரிக்கு உக்காந்திருக்கறவன் எழுதறதுக்கு இன்னா இருக்குது? அஞ்சாவது வரிக்கும் தமிழ்ல படிச்சேன், அப்பால தெலுங்குல. ரெண்டுலயும் கடைசி பெஞ்சுதான். பத்தாவதுல சயின்சு என்னை வேணாம்னு சொல்லிடுச்சு, நானும் மரியாதையா வெளிய வந்துட்டேன். இப்ப கட்டைவெரலால போன்ல தட்டிக்கினு இருக்கேன். நடுவுல யார்னா "அலிபிரி போலாமா"ன்னு வந்தா நிறுத்திடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

எழுதச் சொல்லி உசுர வாங்கறவன் என் கூட்டாளி. குவைத்துல ஒரு வீட்ல கார் ஓட்றான். ராத்திரி ஆனா போதும், "எழுதினியா?"ன்னு மெசேஜ் வந்து நிக்கும்.

"எத்தினி வாட்டிடா சொல்றது? போன் பண்ணு, திருப்பியும் சொல்றேன்" அப்டின்னேன்.

"வேணாம். வாயால சொன்னா நீ பாதி கப்சா உடுவ. எழுதறப்ப கை வலிக்கும், பொய் சேக்க சோம்பேறித்தனம் வந்துடும். எழுது."

இவன் என்னை எவ்ளோ நல்லா தெரிஞ்சி வெச்சிருக்கான் பாருங்க.

விஷயம் இதான். பூநாரை பறக்கறத ஒரே ஒரு வாட்டி கண்ணால பாக்கணும்னு மூணு குளிர்காலம் அலைஞ்சவன் அவன். பாத்தவன் நான். அவனும் என் பக்கத்துலதான் இருந்தான். ஆனா பாக்கல. இது எப்டின்றததான் சொல்லணும்.

ரெண்டு பேரும் நகரி பக்கம் ஒரே ஊரு, ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அவன் சித்தூர்ல மாங்கூழ் ஃபேக்டரில வேலை செஞ்சிக்கினு இருந்தான். மாம்பழ சீசன்ல அவனைப் பாக்கவே முடியாது. வேட்டி, சட்டை, தலை மயிரு எல்லாம் மாம்பழ வாசனை, ஈ அவனைத் தொரத்திக்கினே வரும். சீசன் முடிஞ்சா வேலை கொறஞ்சிடும். மார்கழி, தை மாசத்துல அந்த ஃபேக்டரில வாச்மேனும் நாலு டிரம்மும்தான் இருக்கும். அப்ப இவனுக்குப் பொழுது போகாது. பொழுது போகாதவனுக்குப் பறவை புடிச்சிக்கிச்சு.

எப்டி புடிச்சதுன்னா, ஒரு குளிர்காலம் மாங்கூழ் டப்பா லோடு ஏத்திக்கினு நெல்லூர் பக்கம் ஹார்பருக்குப் போற லாரில க்ளீனர் வரல. இவனை ஏத்தி அனுப்பிட்டாங்க. நாயுடுபேட்டை தாண்டி வண்டி நின்னு போச்சு. இவன் லாரிக்கு அடியில மல்லாக்க படுத்துக்கினு ஸ்பேனர் திருப்பிக்கினு இருந்தப்ப டிரைவர் கத்தினாராம், "டேய், மேல பாருடா, மேல பாருடா!" இவன் மேல பாத்தா லாரியோட அடிதான் தெரிஞ்சிருக்குது. உருண்டு வெளிய வரதுக்குள்ள ஒண்ணுமில்ல. ஆகாசம் காலியா கெடந்துச்சு.

"இன்னாண்ணா அது?"

"பூநாரைடா. கூட்டமா போச்சு. நிக்கறப்ப வெள்ளையாதான்டா இருக்கும். ரெக்கைய தொறந்துச்சுன்னா உள்ள செக்கச் செவேல்னு... போடா, உனக்குக் குடுத்து வெக்கல."

அந்த "போடா"தான் இவனைப் புடிச்சிக்கிச்சு. ஊருக்கு வந்து ரெண்டு நாளு அதையே பேசினான். வெள்ளையா இருக்கறது தொறந்தா எப்டிடா செவப்பா இருக்கும்? உள்ள மட்டும் ஏன் செவப்பு? யாருக்குக் காட்டறதுக்கு?

"உள்பாவாடைடா" அப்டின்னேன். அடிக்க வந்தான்.

"போன்ல வீடியோ போட்டா தெரியப் போவுது. இதுக்கு ஏன்டா இந்த ஆட்டம்?"

"திருப்பதி பெருமாள் கூடத்தான் போட்டோல தெரியறாரு. அப்புறம் ஏன்டா ஜனங்க க்யூல நின்னு சாவுது? நேர்ல பாக்கறதுக்கு முன்னாடி வீடியோல பாத்துட்டா அவ்ளோதான், ருசி போயிடும்."

நாள் பூரா அந்த க்யூவுக்கு ஆள் ஏத்தி எறக்கித்தான் நான் சாப்புடறேன்.

அப்டித்தான் மொத வாட்டி கெளம்பினோம். என்னோட பழைய பைக்கு. நகரிலேருந்து நாகலாபுரம், சத்தியவேடு, தடா, அங்கேருந்து சூலூர்பேட்டை. அதுக்கப்புறம் ரோடு பழவேற்காடு ஏரிக்கு நடுவுலயே போவும், ராக்கெட் விடற தீவு வரிக்கும். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல தார். அந்த ரோட்டுல மொத மொத போறப்ப வண்டி ஓட்டற எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏரியா, கடலா, இல்ல யாரோ வானத்தக் கழுவி காயப் போட்டிருக்காங்களான்னு தெரியல.

பூநாரை இருந்துச்சு. ஆனா எங்க இருந்துச்சு? தோ... அந்தக் கடைசில. உப்பு கொட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அங்க ஒரு வாச்டவர் மேல ஏறிப் பாத்தோம். உப்பு கொஞ்சம் பெரிய உப்பாச்சு, அவ்ளோதான். எல்லாம் தலைய தண்ணிக்குள்ள உட்டுக்கினு நடந்துக்கினு இருந்துச்சுங்க. இவன் பெரியவங்க கோயில்ல நிக்கற மாதிரி கம்முனு நின்னுக்கினு பாத்தான். அப்பால கேள்வி ஆரம்பிச்சான்.

"இன்னாடா தேடுது உள்ள?"

"கொலுசு தொலைச்சிடுச்சு."

"மூக்கு ஏன்டா தலைகீழா இருக்குது?"

"மாட்டறப்ப எலெக்ட்ரீசியன் தப்பா மாட்டிட்டான்."

"இவ்ளோ நீட்டு காலு. மேல போச்சுன்னா காலை எங்கடா வெக்கும்? மடக்குமா, தொங்க உடுமா?"

"ஏரோப்ளேன் சக்கரம் மாதிரி உள்ள இழுத்துக்கும்."

முதுகுல ஒண்ணு வெச்சான். ஒரு மணி நேரம் நின்னோம், ஒண்ணு கூட பறக்கல. பறக்கறதுக்கு அதுங்களுக்கு இன்னா அவசரம்? தின்னுக்கினு இருக்கறவன் எழுந்து ஓடுவானா? எனக்குப் பொறுமை போயிடுச்சு. கீழ எறங்கி ஒரு கல்ல எடுத்தேன். எறியறதுக்கு இல்ல, எறிஞ்சாலும் அங்க வரிக்கும் போவாது, சும்மா ஒரு சவுண்டு குடுக்கலாம்னுதான். இவன் பாஞ்சி வந்து கையப் புடிச்சிக்கிட்டான். அதே நேரம் பாரஸ்ட் வாச்சரும் தெலுங்குல கத்தினாரு, "ரேய், ராயி பெட்டு ரா கிந்த!" கல்ல நானும் கீழ போட்டேன்.

வண்டில வரப்ப இவன் சொன்னான். "அது எவ்ளோ தூரம் பறந்து வந்து இங்க சாப்புடுது. சாப்புடறவனை எழுப்பி டான்ஸ் ஆடுன்னு சொன்னா தப்புடா. அதுவா பறக்கணும். அப்ப பாக்கணும்."

இந்த வார்த்தைய ஞாபகம் வெச்சிக்கோங்க.

ரெண்டாவது வருஷம் மழை தாறுமாறா பேஞ்சிடுச்சு. ஏரில தண்ணி ஏறிப் போச்சு. பூநாரைக்கு முட்டிக்காலு தண்ணிதான் லாயக்காம், ஆழம் ஆயிட்டா அது வேற எடம் பாத்துக்கினு போயிடும். நாங்க ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிய ஓட்டினோம், ஒரே தண்ணி, ஒரே காக்கா. இவன் மூஞ்சி தொங்கிப் போச்சு.

அவ்ளோ தூரம் வந்துட்டோமேன்னு நேலப்பட்டு போனோம். அது ஏரிக்குள்ள மரம், மரம் பூரா கூழைக்கடா. மூக்குக்கு அடியில பை தொங்கும் பாருங்க, அது. வாசனை இருக்குதே... மீன் மார்க்கெட்ட வெயில்ல காய வெச்சி அது மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அந்த ஊருக்காரங்களுக்கு அதுங்க மேல அவ்ளோ பாசம். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணி வயலுக்குப் போனா வெளைச்சல் ஷோக்கா வரும்னாங்க. தீபாவளிக்கு பட்டாசு கூட வெடிக்க மாட்டாங்களாம். நான் அத நக்கல் பண்ணலாம்னு வாயத் தொறந்தேன். நெத்தில சொத்துன்னு ஒண்ணு விழுந்துச்சு. சூடா.

இவன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, மரத்துல இருந்த கூழைக்கடா எல்லாம் திரும்பிப் பாத்துச்சு. "உனக்குன்னு குறி வெச்சி அடிச்சிருக்குதுடா! உன் வயலு இந்த வருஷம் நல்லா வெளையும்!"

அன்னிக்கு எனக்கு ஒண்ணு ஆச்சு. தலைய கழுவிக்கினு வந்து மரத்தடியில உக்காந்தேன். ஒரு கூழைக்கடா குஞ்சு அது அம்மா வாய்க்குள்ள தலைய முழுசா உட்டுடுச்சு, கழுத்து வரிக்கும். முழுங்கிடுச்சோன்னு நெனைச்சேன். அப்பால வெளிய வந்துச்சு, மீனு முழுங்கிக்கினு. உள்ள எப்டிடா கண்ணு தெரியும் அதுக்கு? இத நான்தான் கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். "தோ பாருடா, இவனும் கேக்க ஆரம்பிச்சிட்டான்" அப்டின்னான். நான் பேச்ச மாத்திட்டேன்.

மூணாவது வருஷம் கதையே வேற.

குவைத் போக விசாவுக்கு ரொம்ப நாளா நடந்துக்கினு இருந்தான். விசா வந்தா மலைக்கு வரேன்னு ஐயப்பனுக்கு வேண்டிக்கினான். வந்துடுச்சு. மாலை போட்டுட்டான். மலைக்குப் போய் வந்த உடனே ப்ளைட்டு. ரெண்டு வருஷத்துக்கு ஊர் பக்கம் வர முடியாது. அப்ப பூநாரைய பாக்கறதுன்னா அந்த ஒரு குளிர்காலம்தான், அதுலயும் மலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அந்த ஒரு ஞாயித்துக்கெழமதான்.

மாலை போட்டவனைப் பத்தி எங்க ஊர்ல சொல்லணும்னு இல்ல. கருப்பு வேட்டி, கருப்பு துண்டு, நெத்தி பூரா சந்தனம். குளிர்ல விடியக்காலைல பச்சைத் தண்ணில குளியல். காலுக்கு செருப்பு கூடாது. ஓட்டல் சாப்பாடு கூடாது. கெட்ட வார்த்தை கூடாது, கோவம் கூடாது. எல்லாத்துக்கும் மேல, யாரா இருந்தாலும் அவனை சாமின்னுதான் கூப்புடணும், அவனும் நம்மள சாமின்னுதான் கூப்புடணும். பொறந்ததுலேருந்து "டேய் நாயே"ன்னு பேசிக்கினு இருந்த ரெண்டு பேரு திடீர்னு "வாங்க சாமி, உக்காருங்க சாமி"ன்னு பேசினா எப்டி இருக்கும்? எனக்கு அதைவிட பெரிய பண்டிகை இல்ல. அவனால என்னைத் திட்ட முடியாதே!

அதுலயும் இவன் மொத வருஷம், கன்னிசாமி. குருசாமி இவங்கிட்ட சொல்லிட்டாராம், யாரு எங்கேருந்து "சாமியே"ன்னு சொன்னாலும் அர மனசோட சரணம் சொல்லக் கூடாது, கையத் தலைக்கு மேல தூக்கி, கண்ணை மூடி, வயித்துலேருந்து வரணும்னு. இவன் அத அப்டியே புடிச்சிக்கினான்.

அன்னிக்கு சத்தியவேட்டுல டீக்கு நிறுத்தினேன். அவனுக்கு டீ இல்ல. அவங்கம்மா கட்டிக் குடுத்த பொங்கல் டப்பாவத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்தான். நான் பின்னாடி போய் நின்னுக்கினு மெதுவா, "சாமியேஏஏ..."

டப்பாவ கீழ வெச்சான். ரெண்டு கையும் மேல போச்சு. கண்ணு இறுக்கி மூடிக்கிச்சு. "சரணமய்யப்பா!" டீக்கடை தகரமே அதிர்ந்துச்சு. அந்த கேப்ல நான் ஒரு கை பொங்கல எடுத்து வாய்ல போட்டுக்கினேன்.

கொஞ்ச நேரம் கழிச்சி திருப்பியும் "சாமியேஏஏ..."

திருப்பியும் கை மேல, கண்ணு கீழ, பொங்கல் என் வாய்ல.

மூணாவது வாட்டி டப்பாவப் பாத்தான், என்னைப் பாத்தான். என் மீசைல முந்திரிப் பருப்பு ஒட்டிக்கினு இருந்துச்சு.

"டப்பா ஓட்டையா சாமி?"

"குளிரு சாமி. குளிர்ல பொங்கல் சுருங்கிடும்."

பல்லைக் கடிச்சான். உள்ள எத்தினி கெட்ட வார்த்தை வரிசைல நின்னுக்கினு இருந்துச்சோ, ஒண்ணும் வெளிய வரல. "நீங்க நல்லா இருக்கணும் சாமி" அப்டின்னான். அப்பால கையக் கும்புட்டான், நெஜமாவே. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏரில போய் இத பண்ணாதீங்க சாமி. நான் கத்திடுவேன். கத்தினா அதுங்க போயிடும். இதான் கடைசி."

கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. நான் அந்தப் பொங்கல் மேலயே சத்தியம் பண்ணேன், ஏரில வாயத் தொறக்க மாட்டேன்னு. இப்பவே சொல்லிடறேன், அந்த சத்தியத்த நான் காப்பாத்தினேன். ஊர்ல யார்னா வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க.

போய் சேந்தப்ப பனி இன்னும் வெலகல. ரோட்டோரமா வண்டிய நிறுத்தி எறங்கினா, பனிக்குள்ள ஒரு சத்தம். வாத்து கூட்டமா சண்டை போடற மாதிரி, ஆனா கொஞ்சம் மூக்கடைச்ச வாத்து. பனி வெலக வெலக தெரிஞ்சிச்சு. அந்த வருஷம் தண்ணி வத்தி ரோட்டுக்குப் பக்கத்துலயே முட்டிக்காலு ஆழம்தான். பூநாரை அங்கதான் இருந்துச்சு. உப்பு இல்ல, கோடு இல்ல. ஒண்ணொண்ணா, தனித்தனியா, மூஞ்சி தெரியற மாதிரி.

இவன் கைய என் தோள் மேல வெச்சான்.

ஒரு மீன்காரரு வலைய தோள்ல போட்டுக்கினு சேத்துலேருந்து ஏறி வந்தாரு. இவன் கருப்பு வேட்டியப் பாத்துட்டு, "சாமி, அந்தக் கவுத்த படகு வரிக்கும் போலாம், தரை கெட்டியா இருக்கும். அதுக்கு மேல போவாதீங்க, பொதை"ன்னாரு. கரைல ஒரு உடைஞ்ச படகு கவுந்து கெடந்துச்சு. அது வரிக்கும் குனிஞ்சே போனோம். நான் செருப்பக் கைல எடுத்துக்கினேன். அவனுக்குத்தான் செருப்பே இல்லியே. சிப்பி காலைக் குத்துது, ஒரு "ஸ்" கூட போடல. போன் சேத்துல விழுந்துடப் போவுதுன்னு வண்டி சீட்டுக்கு அடியில வெச்சிட்டு வந்துட்டோம். அதனால போட்டோ எங்கன்னு கேக்காதீங்க.

படகு மறைவுல உக்காந்தோம். அப்டி கிட்டக்க நான் எந்தப் பறவையயும் பாத்ததில்ல, கோழியத் தவிர. தலைய தலைகீழா தண்ணில வெச்சிக்கினு, காலால சேத்த மிதிச்சி மிதிச்சி, தன்னையே சுத்திக்கினு சுத்தி வருது. அவன் ஃபேக்டரி மெஷின் கூழு வடிகட்டற மாதிரி வாய்ல தண்ணி வடிகட்டுதுன்னு இவன்தான் காதுல சொன்னான். நடுவுல சாம்பல் கலர்ல கொஞ்சம் குட்டையா சிலது.

"அது இன்னா சாமி, அழுக்கா இருக்குது?"

"கொழந்தைங்க சாமி. இன்னும் கலரு ஏறல."

"எப்ப ஏறும்?"

"தின்னத் தின்ன ஏறுமாம்."

"அப்ப உங்க பொங்கல் துன்னதுக்கு நான் எப்ப மஞ்சள் ஆவேன் சாமி?"

வாயப் பொத்திக்கினு குலுங்கினான். மாலை மணி கூட சத்தம் போடாம கைல புடிச்சிக்கினே சிரிச்சான்.

வெயில் ஏறுச்சு. காலு மரத்துப் போச்சு. நான் வழக்கமா இந்த நேரத்துல "போலாம்பா"ன்னு ஆரம்பிச்சிடுவேன். அன்னிக்கு கேக்கத் தோணல. ஒண்ணு ஒத்தைக் கால்ல நின்னுக்கினு தூங்குச்சு. காத்து அடிச்சா ஆடுது, விழல. அது எந்தக் கால்ல தூங்கணும்னு எப்டி முடிவு பண்ணும்? மாத்தி மாத்தி நிக்குமா? இதையே பாத்துக்கினு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல. ரோட்டுல லாரி போச்சு, கார் போச்சு, ஆரன் அடிச்சிக்கினு டூரிஸ்ட் வேன் போச்சு. எதுக்கும் அதுங்க தலையத் தூக்கல. அதெல்லாம் அதுங்களுக்குப் பழகிப் போச்சு.

"பறக்கும் சாமி" அப்டின்னான் அவன். "வெயில் ஏறினா எடம் மாத்தும். அதுவாவே பறக்கும். சாயங்கால பூஜை வரிக்கும் டைம் இருக்குது. நான் உக்காருவேன்."

அப்பதான் அந்த பஸ் வந்துச்சு.

மாலை போட்ட சாமிங்க பஸ்ஸு. முன்னாடி கண்ணாடில பூமாலை, மேல கட்டின மூட்டை, ஜன்னல் பூரா கருப்புத் துண்டு. மெதுவா ஏரியப் பாத்துக்கினே போச்சு. ஜன்னல்ல இருந்த ஒருத்தரு படகு பக்கத்துல கருப்பா ஒரு உருவம் உக்காந்திருக்கறதப் பாத்துட்டாரு. சாமி சாமியப் பாத்தா சும்மா போவாரா? தலைய வெளிய நீட்டி, ரெண்டு கையாலயும் வாய குவிச்சிக்கினு, ஏரி பூரா கேக்கற மாதிரி கூப்புட்டாரு.

"சாமியேஏஏஏஏ!"

நான் இவன் வாயப் பொத்த கைய நீட்டினேன். லேட்டு. இவன் எழுந்து நின்னுட்டான். கை ரெண்டும் தலைக்கு மேல. கண்ணு இறுக்கி மூடிக்கிச்சு. மூணு வருஷமா அடக்கி வெச்ச தொண்டை.

"சரணமய்யப்பாஆஆஆ!"

லாரி பழக்கம், பஸ்ஸு பழக்கம். படகுக்குப் பின்னாடிலேருந்து கருப்பா ஒண்ணு கையத் தூக்கிக்கினு எழுந்து கத்தறது அதுங்களுக்குப் பழக்கமில்ல.

மொதல்ல எல்லா தலையும் ஒரே வாட்டி மேல வந்துச்சு. கழுத்துங்க காடு மாதிரி நின்னுச்சு. அப்பால ஓட ஆரம்பிச்சுதுங்க. தண்ணி மேலயே, தப தப தபன்னு, தண்ணி செதறுது, சேறு செதறுது. ஓடிக்கினே ரெக்கைய தொறந்துச்சுங்க.

இங்கதான் நான் பொய் சொல்லாம எழுதணும். ரோசாப்பூ மாதிரின்னு எழுதினா அது பொய். ரோசாப்பூ ஆறிப்போன செவப்பு. இது சூடான செவப்பு. பழுத்த தர்பூசணிய தரைல போட்டா தொறந்துக்கும் பாருங்க, அப்ப உள்ள தெரியற செவப்பு. அதுக்கு ஓரமா நல்ல கருப்பு, எண்ணெய் தடவின கருப்பு. ஒரு ரெக்கை இல்ல. எல்லா ரெக்கையும். அடிக்கறப்ப தெரியுது, மறையுது, தெரியுது, மறையுது. வெள்ளையா இருந்த ஏரி அப்டியே எழுந்து செவப்பா ஆகாசத்துக்குப் போவுது. எங்க தலைக்கு மேலயே போச்சு. காத்து மூஞ்சில அடிச்சிச்சு. நான் வாயப் பொளந்துக்கினு நின்னேன். ஜோக்கு ஒண்ணும் வரல. எனக்கு ஜோக்கு வராத எடம் அது ஒண்ணுதான்.

பாட்டம் பாட்டமா திரும்பி வெயிலுக்குள்ள போச்சுங்க. அவ்ளோதான்.

இவன் அப்பதான் கைய எறக்கினான். கண்ணைத் தொறந்தான். எதிர்ல கலங்கின தண்ணி ஆடிக்கினு இருந்துச்சு. ரெண்டு எறகு மெதந்துச்சு.

என்னைத் திரும்பிப் பாத்தான். மூஞ்சி செவந்து போச்சு. "சாமி... பொங்கல் மேல சத்தியம் பண்ணீங்களே சாமி..."

"நான் இல்ல சாமி! பஸ்ஸு! அதோ போவுது பாரு!" ரோட்டுல பஸ்ஸோட பின்பக்கம் போய்க்கினு இருந்துச்சு, ஒரு கருப்புத் துண்டு இன்னும் ஆடிக்கினு.

கொஞ்ச நேரம் அதையே பாத்தான். அப்டியே சேத்துல உக்காந்துட்டான்.

"நான்தான் எழுப்பி உட்டேன்" அப்டின்னான். "சாப்புட்டுக்கினு இருந்தது. நான்தான்." அதுக்கு அப்புறம்தான் கேட்டான். "செவப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஐயப்பன் மேல சத்தியமா?"

"சத்தியமா சாமி."

மதியம் வரிக்கும் உக்காந்திருந்தோம். திரும்பி வரல. எங்கயோ ஏரியோட அந்தப் பக்கம் எறங்கியிருக்கும். மிச்சம் இருந்த பொங்கல எனக்கே குடுத்துட்டான். நான் துன்னல. அது எனக்கு ரொம்ப பெரிய விஷயம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரப்ப பின்னாடி உக்காந்துக்கினு தடா வரிக்கும் கேட்டுக்கினே வந்தான். எந்தப் பக்கம் மொதல்ல எழுந்துச்சு? கொழந்தைங்களும் பறந்துச்சா? அதுங்களுக்கு உள்ள செவப்பு இருந்துச்சா? சத்தம் எப்டி இருந்துச்சு? நான் சொல்லிக்கினே வண்டி ஓட்டினேன். கொழந்தைங்கள நான் கவனிக்கல. கவனிக்கலன்னு சொன்னேன். பொய் சொல்லி சமாளிச்சிருக்கலாம், எனக்கு இன்னா புதுசா? ஆனா அவன் கண்ணுக்கு பதிலா என் கண்ணுதான் இருக்குது. அதுல கப்சா கலக்க மனசு வரல. அவன்தான் நம்பல. சத்தியவேட்டுல எறங்கி டீக்கடைக்காரரு கிட்ட கேட்டான், "இவரு இதெல்லாம் சொல்றாரு சாமி, மூஞ்சியப் பாத்தா நெஜம் மாதிரி இருக்குதா?" அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "காலைல பொங்கல் திருடினவர்தானே?"ன்னாரு.

அடுத்த வாரம் மலைக்குப் போனான். வந்தான், மாலை கழட்டினான். கழட்டின உடனே அந்த மண்டலம் பூரா சேத்து வெச்சிருந்த கெட்ட வார்த்தைய எல்லாம் எனக்குக் குடுத்தான், வட்டியோட. அப்பால ஏர்போர்ட்டு.

குவைத்துல இப்பவும் வீடியோல பாக்க மாட்டேன்றான். நேர்லதான் பாப்பானாம். அது வரிக்கும் என் எழுத்து போதும்றான். இந்தக் குளிர்காலம் நான் ஒண்டியா ஒரு ஞாயித்துக்கெழம போய் அந்த கவுத்த படகுகிட்ட உக்காந்துட்டு வந்தேன், இத எழுதற வரிக்கும் அவன்கிட்ட சொல்லல. தூரமா உப்புக் கோடு மட்டும் தெரிஞ்சிச்சு. அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. ஒத்தைக் கால்ல தூங்கறப்ப காலை மாத்தி மாத்தி நிக்குதான்னு பாக்கலாம்னு போனேன், தூரத்துல தெரியல.

இது வரிக்கும் தட்டி முடிச்சி, நேத்து ராத்திரி அவனுக்கு அனுப்பிட்டேன். "கை வலிக்குதுடா, ஒரு பொய் கூட இல்ல, வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ"ன்னு கீழ போட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. படிக்கறானா, தூங்கிட்டானான்னு தெரியல. காலைல ஸ்டேஷன்ல ஒரு மொட்டைத் தலை குடும்பத்த ஏத்திக்கினு கெளம்பறப்ப போன் அடிச்சிச்சு. எடுத்துப் பாத்தேன்.

"எல்லாம் சரிடா, தண்ணி மேல ஓடின காலை மேல போனப்புறம் எங்கடா வெச்சுதுங்க?"